வேடியப்பன் கோயில் நடுகற்கள்: ஓர் உள்ளூர் வரலாற்று ஆசிரியரும் ஓர் ஊர்த் திருப்பணியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் வேடியப்பன் கோயில் திருப்பணி தொடங்கியபோது, அங்கே வழிபாட்டில் இருந்த மூன்று நடுகற்கள் (இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள்) இடம்பெயரவும் சிதையவும் கூடிய நிலை உருவானது. அவை நின்ற இடத்திலேயே நிலைத்தது எப்படி, எது கைகூடவில்லை, அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் நோயுற்ற பிறகு என்ன நேர்ந்தது என்பவற்றை அவருடன் பணியாற்றியவர்களுள் ஒருவனாக இங்கே பதிவு செய்கிறேன். புதையல் தேடுவோரின் தொல்லை இப்பகுதியில் இன்றும் இருப்பதால் ஊரின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது. ஆட்களின் பெயர்களும் அவ்வாறே.

பின்னணி

1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இது நிர்வாகச் செய்தி மட்டும் அன்று. 1970களில் தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதி பிரிக்கப்படாத மாவட்டத்துக்குரியது என்பதால், இன்றைய கிருஷ்ணகிரி ஊர்களின் கற்களையும் தருமபுரி என்ற தலைப்பின்கீழ்தான் தேட வேண்டும். எல்லையோர ஊர்களில் ஒரு கல் முன்பே பதிவாகியிருக்கிறதா, இல்லையா என்பதைத் தெரிந்துகொள்வதே ஒரு தனி வேலை. அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தவர் இந்த ஆசிரியர்.

அவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தான் தருமபுரி என்பதைப் பாடநூலில் படிக்கும் மாணவர்கள், தம் ஊர் வேடியப்பன் கோயிலில் நிற்பது ஒரு வீரனின் நடுகல் என்பதை அறியாமலே வளர்கிறார்கள் என்பது அவருடைய தொடக்கக் கவலை. விடுமுறை நாள்களில் மாணவர்களோடு ஊர் ஊராக நடந்து, கல் இருக்கும் இடம், அதை வழிபடும் பங்காளிகள், படையல் நாள், ஊரார் அதைப் பற்றிச் சொல்லும் கதை ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். பள்ளி விழாக்களுக்கு வரும் புகைப்படக்காரரை அழைத்துச் சென்று படமும் எடுக்கச் செய்தார். மேற்குப் பகுதி ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். அந்த வீடுகளில் அவர்கள் மொழியிலேயே பேசுமளவுக்கு அவர் இரண்டையும் கற்றுக்கொண்டார்.

அவரை ஊர்களுக்குள் கொண்டு சேர்த்தது வரலாறு அன்று, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு மிகுந்த ஊர்கள் இரு மாவட்டங்களிலும் நிறைய உண்டு. மாணவர்களின் பற்கள் பழுப்பேறியிருப்பதையும், பெரியவர்கள் மூட்டு மடக்க முடியாமல் இருப்பதையும் கண்ட அவர், ஊர்தோறும் நீர் மாதிரிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவுகளோடு மனு எழுதிக் கொடுத்துவந்தார். 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் தங்கள் தெருவுக்கு வரும்வரை, அவரை வைத்து மனு எழுதாத தெரு இப்பக்கம் குறைவு. முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், கண் பரிசோதனை முகாம், சாதிச் சான்றிதழ் என்று இந்தப் பணி விரிந்துகொண்டே போனது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சுற்றுலாவிலும் கவனம் செலுத்தினார். ஒகேனக்கல்லுக்கு வருவோர் அருவியில் குளித்து, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, மீன் சாப்பிட்டு, பரிசல் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். வழியில் இருக்கும் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த இடம் இருப்பதையோ, அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருப்பதையோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையோ பெரும்பாலோர் அறிவதில்லை. ஓசூர், பெங்களூரிலிருந்து வார இறுதியில் வரும் சிறு குழுக்களுக்கு இவற்றைக் காட்டி, மதிய உணவை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஏற்பாடு செய்து, பயணக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த ஊருக்கே கொடுக்கும் முறையை எங்கள் சிறு குழுவின் துணையோடு உருவாக்கினார்.

கோயிலும் கற்களும்

வேடியப்பன் என்ற பெயரில் நடுகற்களை வழிபடுவது இப்பகுதியில் பரவலான வழக்கம். ஆய்வுக்குரிய கோயில் வேப்ப மரத்தடியில், சுவரில்லாத மேடையில் இருந்தது. முதல் கல்லில் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளும் ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்புகள், காலருகே ஒரு கெண்டி (மூக்குள்ள நீர்க்கலம்), மேற்பகுதியில் தமிழின் பழைய எழுத்து வகையான வட்டெழுத்தில் சில வரிகள். இரண்டாவது புலியோடு போரிடும் வீரனின் கல், அதில் எழுத்தில்லை. மூன்றாவதில் வீரனுக்கு அருகில் ஒரு பெண்ணுருவம் கையுயர்த்தி நிற்கிறது. கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணின் நினைவாக எடுக்கும் சதிக்கல் வகையைச் சேர்ந்த இதில் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. மூன்றில் முதலாவது மட்டுமே அச்சான தொகுதியில் இடம்பெற்றிருந்தது. மற்ற இரண்டுக்கும் ஆசிரியரின் குறிப்பேட்டைத் தவிர வேறு பதிவில்லை.

பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்களில் பெரும்பாலும் ஒரே அமைப்பில் செய்தி வரும்: அரசனின் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், யார் கவர்ந்த தொறு, அதை மீட்டுப் பட்டவன் பெயர். தொறு என்பது மாட்டு மந்தை. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் மாடே செல்வமாக இருந்த காலத்தின் நேர்ச்சான்று அந்தச் சில வரிகள். எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவை அல்ல. மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அவற்றின் விளிம்பு தெரியும். பல தலைமுறை எண்ணெயும் மஞ்சளும் படிந்திருந்ததால் அப்போதும் பாதிக்கு மேல் தெரியவில்லை.

திருப்பணித் திட்டம்

2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு இப்பகுதியின் பழமையைப் பற்றிய பேச்சு ஊர்களில் பெருகியது. அந்தப் பெருமிதத்தில் ஊரார் தங்கள் வேடியப்பனுக்கும் நல்ல கோயில் கட்ட முடிவு செய்தனர். தலைக்கட்டு வரி போட்டனர். வெளியூரில் வேலை செய்யும் இளைஞர்கள் பெருந்தொகை அனுப்பினர். பக்தியில் பிறந்த முயற்சி அது. அதை அழிவு வேலை என்று பார்ப்பது பெரும் தவறாக இருந்திருக்கும்.

ஆனால் கொத்தனார் தந்த திட்டத்தில் மூன்று ஆபத்துகள் இருந்தன. கற்களைப் பெயர்த்து, அடிப்பகுதியை அறுத்துச் சமன்செய்து, டைல்ஸ் பதித்த சிமெண்ட் மேடையில் நிறுத்துவது ஒன்று. படிந்த எண்ணெயை கிரைண்டரால் தேய்த்து நீக்கி, எழுத்தையும் உருவத்தையும் புதிதாகத் தெரியச் செய்வது மற்றொன்று. விரிசல் விட்ட மூன்றாவது கல் பின்னமான மூர்த்தி என்பதால் வழிபாட்டுக்கு ஆகாது, அதை ஏரியில் விட்டுவிட்டுக் குதிரைமேல் அமர்ந்த புதிய சிலை வைக்கலாம் என்பது மூன்றாவது. ஊரில் பலருக்கு மூன்றுமே நியாயமாகப் பட்டன. குடமுழுக்கு நாளும் குறிக்கப்பட்டுவிட்டது.

முன்னிருந்த வழிகள்

எங்கள் குழுவில் கருத்து பிரிந்தது. இளையவர்கள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து வேலையை நிறுத்தி, கற்களை அருங்காட்சியகத்துக்கு மாற்றச் செய்ய வேண்டும் என்றனர். அதற்கு வலுவான காரணம் உண்டு. கூரையின்கீழ், காவலோடு, பெயர்ப்பலகையோடு நிற்கும் கல் கிரைண்டருக்குத் தப்பிவிடும்.

ஆசிரியர் இதை ஏற்கவில்லை. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே காவலாகிறது. இந்தக் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. அறநிலையத் துறையின் நிர்வாகத்திலும் இல்லாத ஊர்ப் பொதுக்கோயில் இது. மனு, விசாரணை, பதில் என்று நடைமுறை நகர்வதற்குள் கற்கள் இரவோடிரவாக இடம் மாறிவிடலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை அவர் சொன்னார்: ஓர் ஊரின் சாமியை வாத்தியார் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு பரவினால், அடுத்த ஊர்களில் கல்லைக் காட்டவே யாரும் முன்வர மாட்டார்கள், பதிவாகாத கற்கள் இன்னும் எத்தனையோ புதர்களுக்குள் கிடக்கின்றன.

நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதை அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலே சொல்கிறது. படையல் பெறுவது அந்தக் கல்லின் வரலாற்றுக்குப் புறம்பானது அன்று. அதுவே அந்த வரலாற்றின் தொடர்ச்சி. எனவே திருப்பணியைத் தடுக்காமல் அதற்குள் சென்று அதன் வடிவத்தை மாற்றுவது என்று முடிவானது. மூன்று செய்திகளை மட்டும் வலியுறுத்துவது என்றும் ஒப்புக்கொண்டோம்: கற்களைப் பெயர்க்கக் கூடாது, இயந்திரம் படக் கூடாது, எந்த வேலைக்கும் முன் முழுப் பதிவு முடிந்திருக்க வேண்டும். கோயிலின் மற்ற அமைப்பு பற்றி ஊரார் விருப்பத்தில் தலையிடுவதில்லை. வேலை மீறித் தொடங்கினால் அன்றே ஆட்சியரிடம் செல்வது என்பதையும் ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அந்த மனுவை எழுதி ஆயத்தமாக வைத்திருந்தோம்.

ஊர்க்கூட்டம்

கூட்டத்தில் ஆசிரியர் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. முதல் கல்லின் செய்தியை வாசித்து, மாடு மீட்கப் போய் இறந்த உங்கள் ஊர்க்காரன் இவன் என்று தெலுங்கிலும் தமிழிலும் விளக்கினார். கல்லின் அடிப்பகுதி மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, அறுத்தால் கல் எங்கே பிளக்கும் என்பதைக் கொத்தனாரிடமே கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைத்தார். பெயர்ப்பதில்லை என்பது எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. கிரைண்டர் பற்றிய பேச்சும், எழுத்தின் விளிம்பு போனால் திரும்ப வராது என்று விளக்கியபின் அடங்கியது.

விரிசல் விட்ட கல் பற்றிய பேச்சுதான் கடினமாக இருந்தது. பின்னமான சிலையை வழிபட்டால் ஊருக்கு ஆகாது என்ற அச்சத்துக்குத் தொல்லியலில் விடை இல்லை. ஆசிரியர் அந்தக் கல்லைக் குலதெய்வமாகக் கொண்ட பங்காளிகள் யார் என்பதைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தார். அவர்களில் பாதிப்பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள். தை மாதத்தில் பொங்கல் வைக்க மட்டும் வருவார்கள். அவர்களை வரவழைத்து அடுத்த கூட்டத்தை நடத்தச் சொன்னார். அந்தக் கூட்டத்தில், தாம் ஆசிரியரான புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் காட்டினார். விரிசல் அதிலேயே இருந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி எழுந்து, "இந்த வெடிப்பு எங்க மாமியார் காலத்துலயே இருந்துச்சுங்க சார். வெடிச்ச கல்லுக்குத்தான் அவங்களும் பொங்கல் வெச்சாங்க. அந்தச் சாமிதான் எங்களக் காப்பாத்துச்சு" என்றார். அதற்குமேல் யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை.

சான்றாக எடுத்துவைத்த படம் ஒரு நம்பிக்கைப் பிரச்சினையைத் தீர்த்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்தை யார் கொண்டுவந்தார் என்பதும் அதே அளவு முக்கியம். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் காட்டியிருந்தால் அந்தப் பெண்மணி அவையில் எழுந்து பேசியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. அவருடைய கணவரின் கண் அறுவைக்கு ஊரிலிருந்து உடன் சென்றவர் இந்த ஆசிரியர்.

பதிவுப் பணி

வேலை தொடங்குமுன் மூன்று கற்களும் பூசாரியின் ஒப்புதலோடும், அவர் முன்னிலையிலும் சுத்தம் செய்யப்பட்டன. வெதுவெதுப்பான நீர், மென்மையான தூரிகை, பருத்தித் துணி தவிர வேறெதுவும் பயன்படுத்தவில்லை. அமிலம், கம்பித் தூரிகை, சோப்புத்தூள் எதுவும் கூடாது என்பதில் ஆசிரியர் உறுதியாக இருந்தார். எழுத்தைப் படிக்கக் கோலமாவோ சாக்பீஸோ தேய்ப்பதும் தடுக்கப்பட்டது. துகள் வெட்டுக்குள் தங்கிவிடும், தேய்க்கும் கை தவறான கோட்டையும் எழுத்தாகக் காட்டிவிடும்.

பிறகு மைப்படி எடுக்கப்பட்டது. நனைத்த தாளைக் கல்மீது விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் படியவைத்து, ஈரம் பாதி காய்ந்த நிலையில் மைப்பொதியால் ஒற்றினால், மேட்டுப் பகுதி கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தாளில் வரும். முதல் கல்லில் அச்சான பாடத்தில் விடுபட்டிருந்த சில எழுத்துகள் இவ்வாறு தெளிவாயின. ஆசிரியர் தாமே முடிவு செய்யாமல், அந்த மைப்படியைக் கல்வெட்டு அறிஞர்களின் வாசிப்புக்கு அனுப்பினார். எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளிப்படங்கள், சாய்வொளியில் தனிப்படங்கள், அளவுகள், இருப்பிட வரைபடம் ஆகியவை சேர்க்கப்பட்டன.

குடமுழுக்குக்குப் பின்

சுவர்களுக்குப் பதிலாகத் தூண்கள்மேல் கூரை அமைந்தது. கற்கள் பழைய மண்ணிலேயே நிற்கின்றன. சிமெண்ட் அவற்றைத் தொடாதபடி சுற்றிலும் ஒரு முழ அகலம் மணல் விடப்பட்டது. புதிய குதிரைச் சிலை எதிர்ப்புறத்தில் தனி மேடையில் அமைக்கப்பட்டது. எண்ணெய்க் காப்பு அந்தச் சிலைக்கும், நடுகற்களுக்குப் பூவும் நீரும் என்று பூசாரி வழக்கத்தை மாற்றிக்கொண்டார்; ஆண்டுப் படையலன்று மட்டும் கற்களுக்கு எண்ணெய் உண்டு. ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில், மூன்று கற்களையும் ஊரின் பொதுச்சொத்தாகக் குறித்து, பெயர்க்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அதன் நகலும் பதிவுகளின் நகலும் தொல்லியல் துறைக்கு அனுப்பப்பட்டன.

முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. குடமுழுக்குக்கு முந்தைய இரவில், ஆர்வம் மிகுந்த இளைஞர்கள் புலிக்குத்திக் கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டனர். எழுத்துள்ள கல்லைத் தொடக் கூடாது என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எழுத்தில்லாத கல்லும் அவ்வளவே மதிப்புள்ளது என்பது அவர்களிடம் போய்ச் சேரவில்லை. பெயிண்டைக் கரைப்பானால் நீக்க முயல்வது கல்லின் மேற்பரப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் யாரும் கைவைக்கவில்லை. துறையின் பராமரிப்பு வல்லுநர் பார்க்கும்வரை அப்படியே விடுவது என்று முடிவாகி, அந்நிலையிலேயே இருக்கிறது.

சுற்றுலாவில் விளைவு கலந்தே வந்தது. வார இறுதியில் வந்த குழுக்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சமைத்துப் போட்ட மகளிர் குழுவுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. பள்ளி முடித்த இளைஞர் இருவர் வழிகாட்டிகளாகப் பயின்றனர். ஆனால் கிடா வெட்டும் நாளில் வந்த ஒரு குழுவினர் அனுமதியின்றிப் படம் எடுத்து, பூசாரியிடம் கேட்கத் தகாத கேள்விகளைக் கேட்டனர். ஊரார் மிகவும் புண்பட்டனர். அன்றிலிருந்து படையல் நாள்களில் வெளியாருக்கு அழைப்பில்லை. கோயிலுக்கு அப்பால் உள்ள கரட்டில், ஊரார் பாண்டவர் வீடு என்று சொல்லும் கற்திட்டைகளுக்கும் (பலகைக்கற்களால் அமைந்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்) முதலில் பயணிகளை அழைத்துச் சென்றோம். சில மாதங்களில் ஒரு திட்டையின் பலகைக்கல் புரட்டப்பட்டு அடியில் தோண்டப்பட்டிருந்தது. பயணிகள் வழியாக இடம் வெளியே தெரிந்ததா என்பதை உறுதி செய்ய முடியவில்லை; எனினும் கரட்டுப் பயணம் உடனே நிறுத்தப்பட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் புகார் அளிக்கப்பட்டது. இப்போது அங்கே ஆசிரியர்களோடு வரும் பள்ளி மாணவர்கள் மட்டுமே செல்கிறார்கள். மல்லச்சந்திரம் போல ஏற்கெனவே பரவலாக அறியப்பட்ட திட்டைகளைப் பொதுப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். வருவாய் குறைந்தது, அந்த இழப்பு ஏற்கத்தக்கது என்பதே என் கருத்து.

ஆசிரியர் நோயுற்றபோது

இரண்டாம் ஆண்டில் ஆசிரியருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஓரளவு மீண்டது. நடமாட்டம் வீட்டுக்குள் சுருங்கியது. அந்தப் பருவம் முழுவதும் பயணங்கள் நின்றன. ஊர்ப் பெரியவர்களின் தொடர்பு எண்கள், எந்தக் கோயிலில் யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பன எல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருந்தன. குறிப்பேடுகளில் கற்கள் இருந்தன. மனிதர்களைப் பற்றிய அறிவு பாதிதான் இருந்தது. அவர் கையெழுத்தில் இருந்த சுருக்கக் குறிகளை அவரே அருகில் இருந்து சொன்னால்தான் பிரிக்க முடிந்தது. அவர் பெயரைச் சொல்லி அடுத்த ஊருக்குப் போன இளைஞர்களை மரியாதையாக உபசரித்தார்கள். கல்லை மட்டும் காட்டவில்லை.

மாற்ற வேண்டியவை

முதலாவது, பதிவை ஒருவர் வீட்டில் வைப்பது. இப்போது குறிப்பேடுகள் ஒளிப்படமாக்கப்பட்டு, மைப்படிகளின் நகல்களோடு மூன்று தனித்தனி இடங்களில் உள்ளன. இருப்பிட விவரம் மட்டும் பொதுவில் வைக்கப்படுவதில்லை. இதை அவர் நலமாக இருந்த காலத்திலேயே செய்திருந்தால், சுருக்கக் குறிகளைப் பிரிக்க இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவதும் கடினமானதும் நம்பிக்கையைக் கைமாற்றுவது. கல்வெட்டு வாசிப்பைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுக்கலாம். ஊரின் நம்பிக்கையை அப்படிக் கொடுக்க முடியாது. எனவே வழிகாட்டி இளைஞர்களைப் பயணங்களுக்கு மட்டும் பயன்படுத்தாமல், ஊர்களில் விண்ணப்பம் எழுதுவது, முகாம்களுக்கு முதியோரை அழைத்துச் செல்வது ஆகிய பணிகளில் முதலில் ஈடுபடுத்துகிறோம். கற்களைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்குவது அதற்குப் பின்னர்தான். இதில் அவசரம் காட்டிய ஓர் ஊரில் பலன் கிடைக்கவில்லை. பொறுத்திருந்த இரண்டு ஊர்களில் பதிவாகாத கற்களை ஊராரே அழைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, திருப்பணிப் பேச்சு எழுந்தவுடனே இளைஞர்களோடு தனியாக ஒரு கூட்டம். பெரியவர்களும் பூசாரியும் ஒப்புக்கொண்டால் போதும் என்ற எண்ணமே பெயிண்டுக்கு வழிவிட்டது. அடுத்த திருப்பணி நடந்த ஊரில், எழுத்துள்ளவை, இல்லாதவை என்ற வேறுபாடின்றி எல்லாக் கற்களும் வேலை முடியும்வரை கோணிப்பையாலும் மூங்கில் தட்டியாலும் மூடப்பட்டன. அந்த வேலையை இளைஞர்களிடமே ஒப்படைத்தோம். பயண விதிகளை எழுத்தில் தருவதும், ஊர் நிர்ணயிக்கும் நாள்களில் மட்டும் பயணம் வைப்பதும் இப்போது நடைமுறையில் உள்ளன. ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் தம் வீட்டுத் திண்ணையில் இளைஞர்களோடு அமர்ந்து குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாக வாசிக்கிறார். பிரிக்கப்படாத மாவட்டக் காலத்து ஏடுகள் முடிந்து, கிருஷ்ணகிரி பிரிந்த ஆண்டின் ஏட்டுக்கு வந்திருக்கிறார்கள்.